மாமா பேர் வரும் வரை

டிவியில் ஆங்கிலப் படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் மகள் ரிமோட்டை எடுத்தாள். என் கை தானாக அவளைத் தடுத்தது.

நான் சிறுமியாக இருந்தபோது கடலூர் தியேட்டரில் படம் முடிந்தால் ஜனம் இருட்டில் செருப்பைத் தேடும். நாங்கள் மட்டும் அசைய மாட்டோம். சிதம்பரத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போன அம்மாவின் தம்பி, சேவியர் மாமா, அங்கே படத் தயாரிப்பு வேலையில் இருந்தார். அவர் பெயர் சமையல்காரர்களுக்கும் கீழே வரும். ஆபரேட்டர் அதற்குள் படத்தை நிறுத்தப் பார்ப்பார். அம்மா மாடியேறிப் போய், "என் தம்பி பேரு வரணும்ண்ணே, கொஞ்சம் ஓட வுடுங்க" என்பாள்.

படத்துக்குப் படம் பெயர் மேலே ஏறியது. நாங்களும் சீக்கிரம் வீடு திரும்பினோம்.

ஒருநாள் மாமா போனில், "அக்கா, இப்ப நான்தான் புரொடியூசர். பேரு மொதல்லயே வருது" என்றார். அந்தப் படம் கடலூருக்கு வந்து நாங்கள் பார்க்கப் போன அன்றைக்கென்று அப்பா சமோசா வாங்க நின்றார். உள்ளே போனபோது திரையில் கார்கள் மோதிக்கொண்டிருந்தன. படம் முடியும்வரை அம்மா அப்பாவோடு பேசவில்லை. முடிந்ததும் மாடியேறிவிட்டாள்.

"அடுத்த ஷோ போடப்போறேன், கதவாண்ட நின்னு பேர மட்டும் பாத்துட்டுப் போங்கம்மா" என்றார் ஆபரேட்டர்.

மாமாவின் பெயர் திரை முழுக்க வந்தது. அம்மா கைதட்டினாள். யாரோ பெரிய நடிகர் என்று நினைத்து தியேட்டரே விசிலடித்தது.

"இதுல யாரு பேரும்மா வரும்?" என்று மகள் கேட்டாள்.

"யாராவது ஒரு அக்காவோட தம்பி பேரு வரும், இரு" என்றேன்.