பிச்சையா அண்ணாச்சியின் உள்ளங்கைச் சொதி

டயாலிசிஸ் யூனிட்டில் வேலை பார்ப்பவர்களுக்குப் பொய் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிடும். "ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல சிஸ்டர்" என்பார்கள். எடை மெஷின் வேறு கணக்குச் சொல்லும். வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு யூனிட்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிச்சையா அண்ணாச்சி மட்டும் பொய்யே சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை.

அண்ணாச்சி பேட்டையில் கல்யாணச் சமையல் மாஸ்டர். அவர் வைக்கும் தேங்காய்ப்பால் சொதிக்காக மறுவீட்டு விருந்துத் தேதியையே தள்ளி வைத்த வீடுகள் உண்டு. எங்களிடம் வழக்கமாக டயாலிசிஸுக்கு வருகிறவர், சொந்த மகள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"படுத்தா நெஞ்ச அடைக்கு சிஸ்டர். உக்காந்தே உறங்குதேன்."

பெரிய டாக்டர் ரத்தத்தில் பி.என்.பி. பார்க்கச் சொன்னார். இதயம் திணறினால் ரத்தத்தில் கூடுகிற பொருள் அது. டயாலிசிஸ்காரர்களுக்கு எப்போதுமே கூடுதலாகத்தான் இருக்கும். டியூட்டி டாக்டர் "இது வழக்கம்தானே சார்" என்றார்.

"அடுத்தவங்களோட ஒப்பிடாதீங்க. இவரோட இவரையே ஒப்பிட்டுப் பாருங்க" என்று பெரிய டாக்டர் பழைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்தார். பல மடங்கு ஏறியிருந்தது. எக்கோவிலும் இதயம் தளர்ந்திருந்தது.

"உடம்புல தண்ணி தேங்குது அண்ணாச்சி. இது இறங்கலேன்னா அடுப்படிப் பக்கம் விடமாட்டேன்" என்றார் பெரிய டாக்டர்.

அண்ணாச்சியின் முகம் வாடிவிட்டது. "எம்மவ மறுவீட்டுச் சொதிய வேற ஒருத்தனா வைப்பான்?"

வீட்டில் மனைவி கோமதி தண்ணீரை அளந்துதான் கொடுக்கிறாள். பிறகு எங்கிருந்து வருகிறது? பதில் அவர் வாயிலிருந்தே வந்தது. ஒரு கை மெஷினில் இருக்க, மறுகையில் போனை வைத்துக்கொண்டு உதவியாளை அதட்டினார்.

"ஏலே, நான் வந்து வாயில வச்சுப் பாக்காம எதையும் இறக்கிராத."

"எல்லா அடுப்புலயும் ருசி பாப்பியளா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பாக்காம? சாம்பார், ரசம், புளிக்குழம்பு, சொதி. உப்புப் போட்டதும் உள்ளங்கையில கொஞ்சம் ஊத்தி ஒருவாட்டி, இறக்கும்போது ஒருவாட்டி."

"அது தண்ணிக் கணக்குல வராதா?"

"அது சொதில்லா சிஸ்டர், தண்ணியா?" என்றார், எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்ற கவலையோடு.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டருக்கும்தான். டயாலிசிஸில் கூடுதலாக நீர் எடுத்து எடையைப் பையப் பைய இறக்கினார். ருசி பார்க்க வேறு நாக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். அதுவரை தம் அடுப்படிக்குள் விடாத மனைவியை அண்ணாச்சி கூட்டிப் போனார். முதல் நாளே கோமதி "உப்பு காணாது" என்றிருக்கிறாள்.

"எனக்குத் தெரியும்ட்டி."

"தெரிஞ்சா எதுக்குக் கேக்கிய?"

இதை அண்ணாச்சியே எங்களிடம் சொல்லி நொந்துகொண்டார். ஆனால் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் பி.என்.பி. அவருடைய பழைய அளவுக்கே இறங்கியிருந்தது. "நேத்து மல்லாக்கப் படுத்து உறங்கினேன்" என்று அவர் சொன்னபோது பக்கத்துப் படுக்கைக்காரர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எவ்வளவு குடித்தீர்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றும் கேளுங்கள்.

மறுவீட்டுக்கு நானும் போயிருந்தேன். பந்தி காத்திருந்தது. அண்ணாச்சி கரண்டியோடு நிற்க, கோமதி உள்ளங்கையில் சொதியை வாங்கி, அவசரமே இல்லாமல் ருசி பார்த்து, "இறக்கலாம்" என்றாள். முதல் கரண்டியை மகள் இலையில் அவரே ஊற்றினார். கடைசி இலைவரை அவரே பரிமாறினார். மூச்சு வாங்கவில்லை.