பாலம், சாறு, இப்போது

யாங்கோன் நதியைக் கடந்து டலாவுக்கு வேலைக்குப் போகும் படகில் தினமும் அவரைப் பார்ப்பேன். ஒட்ட வெட்டிய நரைமுடி, இடுப்பில் வெளுத்த லோஞ்சி. பனியில் நனைந்த படகின் கைப்பிடிக் கம்பியில் விரலால் ‘மோஸ்ட்’ என்று ஆங்கில எழுத்தில் எழுதுவார், அழிப்பார். அக்கரையில் நான் இறங்கித் திரும்பிப் பார்த்தால், வந்த படகிலேயே திரும்பிப் போக உட்கார்ந்திருப்பார்.

ஒரு காலையில் கேட்டேன். “தினமும் அதையே எழுதுறீங்களே அங்கிள்?”

“கப்பல்ல இருந்தேன்மா. போலந்துல இதுக்குப் பாலம்னு அர்த்தம். ஜெர்மன்காரன் பழம் பிழிஞ்ச சாறும்பான். அது லத்தீன்லேர்ந்து வந்ததாம். எங்க சமையல்காரன் ஹங்கேரிக்காரன். அவனுக்கு ‘இப்ப’ன்னு அர்த்தம். ‘மோஷ்ட், மோஷ்ட்’னு சட்டியைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிடுவான். எங்கடா பாலம்னு கேப்பேன்.”

ஒரே நான்கெழுத்து, வேர்கள் மட்டும் வேறு வேறு. மனதுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டேன்.

“டலாவுல இறங்கவே மாட்டீங்களா?”

“மக அங்கதான் இருக்கா. பர்மாக்காரப் பையனைக் கட்டிக்கிட்டான்னு பேசாம இருந்துட்டேன்.” பனிக்குள் பாதியில் மிதப்பதுபோல் நின்ற புதுப்பாலத்தைக் காட்டினார். “அது முடியட்டும். நடந்தே போய்ப் பாக்கறேன்.”

“உங்க சமையல்காரர் இதைக் கேட்டா என்ன சொல்வாரு அங்கிள்?”

“அடி கெட்டிக்காரி!” என்று உரக்கச் சிரித்தார். பிறகு கம்பியில் மறுபடியும் அதையே எழுதினார்.

படகு கரை சேர்ந்தது. இறங்கித் திரும்பிப் பார்த்தேன். அவர் இடம் காலியாக இருந்தது. கம்பியில் அந்த நான்கெழுத்து அழிக்கப்படாமல் வெயிலில் மெல்ல உலர்ந்துகொண்டிருந்தது.

அன்று அதை எந்த மொழியில் எழுதினார் என்று இன்னும் யோசிக்கிறேன்.