தவழும் மேடம் வாசற்படியில் உட்கார்ந்த நாள்

குழந்தைகள் காப்பகங்களைச் சோதனை செய்யும் அந்த அதிகாரிக்கு ஊருக்குள் வைத்த பெயர் ‘தவழும் மேடம்’. மற்ற அதிகாரிகள் வாசலில் நின்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள், கொடுத்த காப்பியைக் குடிப்பார்கள், போய்விடுவார்கள். இவர் செருப்பைக் கழற்றுவார், முந்தானையை இழுத்துச் செருகுவார், மண்டியிட்டு அறை அறையாகத் தவழ்வார். குழந்தையின் கண் இருக்கும் உயரத்திலிருந்து பார்த்தால்தான் மேசைக்கடியில் துருத்தும் ஆணியும் கைக்கெட்டும் ப்ளக் பாயிண்டும் தெரியும் என்பது அவர் கட்சி.

“ஊரான் வீட்டுத் தரையெல்லாம் தவழ்ந்து பாக்கற, நம்ம சோபாவுக்கு அடியில ஒரு தடவை எட்டிப் பாக்கக் கூடாதா? என் செருப்பு அங்கதான் கிடக்கு” என்று கணவர் கிண்டலடிப்பார்.

“சோபாவுக்கு லைசென்ஸ் வாங்குங்க, வந்து பாக்கறேன்” என்பார் இவர். ஆனால் இவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடுவதும் அதே கணவர்தான்.

அன்று போனது, துணி தைக்கும் கம்பெனிக்குப் பின்தெருவில், எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடும் பெண் நடத்தும் காப்பகம். கம்பெனிப் பெண்கள் பிள்ளைகளை நம்பி விட அந்தப் பக்கத்தில் வேறு இடமில்லை. சுத்தமென்றால் அப்படியொரு சுத்தம். வாண்டுகள் பெரியக்காவின் முந்தானையை விடாமல் தொங்கிக்கொண்டிருந்தன. மேடத்துக்கு மனசு குளிர்ந்துபோனது. தவழ்ந்துகொண்டே பின்வாசல் வரை போனவர் நிமிர்ந்து பார்த்தால், கதவில் பெரிய பூட்டு.

“சாவி எங்கம்மா?”

“சமையல்காரம்மா இடுப்புல இருக்கு மேடம். கடைக்குப் போயிருக்காங்க” என்றார் பெரியக்கா. “போன மாசம் ஒரு வாண்டு இந்த வழியா நழுவி ரோட்டுக்கே போயிடுச்சு. எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு. அன்னைக்கே பூட்டிட்டேன்.”

“முன்வாசலை ஒட்டித்தான் சமையலறை. அங்க தீப்பிடிச்சா இத்தனை பிஞ்சும் எந்த வழியா வெளிய வரும்?”

பெரியக்கா பூட்டை இழுத்துப் பார்த்தார். பாசத்தில் போட்ட பூட்டு அது. கடனே என்று பிள்ளை பார்ப்பவர்களுக்கு இப்படிப் பூட்டத் தோன்றவே தோன்றாது.

விதிப்படி அந்த நிமிடமே காப்பகத்தை மூடலாம். மூடினால் நாளைக் காலையில் அந்தப் பெண்கள் பிள்ளையோடு நடுத்தெருவில் நிற்பார்கள், பாதிப் பேருக்கு வேலையே போகும். அதற்காகக் கண்டும் காணாமல் போகவும் மேடத்துக்கு மனசில்லை. சமையல்காரம்மாவுக்குப் போன் போட்டு வரவழைத்துப் பூட்டைத் திறக்கவைத்தார். தச்சரைக் கூப்பிட்டார். பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில், சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் போட்டு முடிக்கும்வரை, பின்வாசற்படியில் தானே குறுக்கே உட்கார்ந்துகொண்டார். ஒரு வாண்டு மடியேறிக் கண்ணாடியைப் பிடுங்கியது. இன்னொன்று தோளைத் தொற்றியது. அதிகாரி இப்படிக் காவல் உட்கார வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

வேலை முடிந்ததும், “இப்போ தீப்பிடிச்சிடுச்சுன்னு வெச்சுக்கங்க. எல்லாரையும் வெளிய கொண்டு வாங்க. ஒழுங்கா வந்தாத்தான் நாளைக்குத் திறக்கலாம்” என்றார்.

பெரியக்காவும் உதவிப் பெண்கள் இருவரும் பிள்ளைகளை இடுப்பிலும் கையிலுமாக அள்ளிக்கொண்டு கொல்லைக்கு ஓடிவந்தார்கள். தலையை எண்ணிய பெரியக்காவின் முகம் வெளிறியது. தொட்டிலில் தூங்கிய கைக்குழந்தையைக் காணோம். இவள் தூக்கியிருப்பாள் என்று ஒருத்தியும் அவள் தூக்கியிருப்பாள் என்று மற்றவளும் நினைத்திருந்தார்கள். பெரியக்கா அலறியடித்து உள்ளே ஓடித் தூக்கிவந்தார். குழந்தை தூக்கம் கலையாமல் கிடந்தது.

மேடம் வாய் திறக்குமுன், “தொட்டில் பிள்ளை இனிமே என் பொறுப்பு. உள்ள போங்கடி, இன்னொரு தடவை” என்றார் பெரியக்கா. அதற்கப்புறமும் ஒரு தடவை ஆனது. வாண்டுகளுக்கு அது நல்ல விளையாட்டாகிப்போனது. ஒரு பிள்ளைகூட விடுபடவில்லை.

சாயங்காலம் கைக்குழந்தையின் அம்மா வந்தாள். பெரியக்கா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னைக்குத் தீ ஒத்திகை நடந்துச்சும்மா. அவசரத்துல உன் பிள்ளைய உள்ளயே விட்டுட்டு வந்துட்டோம். அப்புறம் சரி பண்ணிட்டோம். ஆனா உன்கிட்ட மறைக்க மனசு வரல.”

அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். கலங்கிய கண்ணோடு மேடத்தைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க மேடம். நாளைக்கு இங்க விடலாமா?”

இத்தனை வருட வேலையில் எந்தக் காப்பகத்தைப் பற்றியும் ஒரு தாயிடம் மேடம் நல்லதோ கெட்டதோ சொன்னதில்லை. “அறிக்கை வரும், பாத்துக்கங்க” என்பதோடு சரி.

“தன் தப்பை இப்படிப் பெத்தவ முகத்துக்கு நேரா சொல்ற இடத்தை நான் அதிகம் பாத்ததில்லம்மா” என்றார். “தைரியமா விடு.”