ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில்

எழுபதுகளில் நாங்கள் வைத்திருந்த பழைய ஜீப்பில் சேற்று வாடை போகவே இல்லை. குரங்கணிக்கு மேலே எங்கள் தோட்டத்தில் பறித்த பச்சை ஏலக்காயை மூட்டை மூட்டையாக ஏற்றும் வண்டிதான். ஆனாலும் ஞாயிறுதோறும் போடி வீட்டு வாசலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி நானே கழுவுவேன். வேறு யாரையும் தொடவிட மாட்டேன். அவர்கள் கழுவுவதெல்லாம் ஒரு கழுவலா? ரேடியேட்டர் ஒழுகுகிறதா என்று பார்த்தேன், ஒழுகவில்லை. மேல்தார்ப்பாயைக் கழற்றி வெயிலில் காயப்போட்டேன். வாடை அப்படியே இருந்தது. ஒருநாள் பொறுமை போய், துருவேறிய போல்ட்டுகளோடு மல்லுக்கட்டிப் பின்சீட்டைக் கழற்றினேன். அடியில் படிந்திருந்த ஈரமண்ணில் விரல் உயரத்துக்கு நாலு ஏலச்செடிகள் வெளிறி நின்றன. மூட்டையிலிருந்து உதிர்ந்த காய்கள் முளைத்திருந்தன.

என் மனைவி குனிந்து பார்த்தாள்.

“ஏங்க, இம்புட்டு நாளா வண்டியக் கழுவுனீங்களா, தண்ணி பாய்ச்சுனீங்களா?”