கண்ணாடிக்குள் இருக்கும் டிக்கட்

டெய்லர் வேலாயுதம் இறந்த செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதலில் ஹமீது நானா கொண்டுவந்தார். பதுளைக் கடைவீதியில் அவருடைய புடவைக்கடை வாசலில்தான் வேலாயுதத்தின் தையல் மெஷின் இத்தனை காலமும் ஓடியது. காலையில் கடைப் பலகைகளில் பாதியை மட்டும் கழற்றிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்து நின்றார். "தம்பி, நம்ம டெய்லர் மௌத்தாப் போயிட்டாரு. நெஞ்சு வலின்னாராம், அவ்வளவுதான். நேத்துப் போகும்போது மெஷினுக்கு எண்ணெய் போட்டு வச்சிட்டுப் போயிருக்காரு மனுசன்" என்றார்.

இரண்டாவது முறை அச்சடித்த தாளில் வந்தது. நகரத்தின் வரலாற்று நூதனசாலையையும் அதை ஒட்டிய கலைக்கூடத்தையும் நடத்தும் சபையார், 'மண்ணின் மைந்தர்' வேலாயுதத்துக்கு அஞ்சலிக் கூட்டம் கூட்டுகிறார்கள். அடியில் கொட்டை எழுத்தில் 'அனுமதி இலவசம்' என்றிருந்தது.

அந்த இரண்டு சொற்களைப் படித்ததும் வந்த கோபம் இதை எழுதும்போதும் தணியவில்லை. அவரை அறிந்தவர்களில் பலருக்குக் காரணம் தெரியும். தெரியாதவர்களுக்காகவும், தெரிந்தும் மறந்துவிட்ட சபையாருக்காகவும் சொல்கிறேன்.

நூதனம் என்றால் புதுமை. பழைய சாமான்களைப் பூட்டி வைக்கும் இடத்துக்கு நூதனசாலை என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியாது. நம் ஊரில் அந்தப் பெயர் பொருந்தித்தான் இருக்கிறது. தோட்டத் துரைமார் சீட்டாடிய கிளப் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, ஒரு பக்கம் காட்சிக்கூடம், மறுபக்கம் நாடக மேடை என்று பிரித்தார்கள். காட்சிக்கூடத்தில் துரையின் துப்பாக்கி, துரையின் தொப்பி, துரைசாணியின் பியானோ. தோட்டத்து மக்களைக் காட்டவும் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறார்கள். நடுவில் துரை, அவர் காலடியில் நாய், பின்னால் மலைச்சரிவு முழுக்கக் கூடை சுமந்த பெண்கள். படத்தின் கீழே துரையின் பெயர் இருக்கிறது. நாயின் பெயரும் இருக்கிறது. அதற்குப் பிறகு 'மற்றும் தொழிலாளர்' என்று இருக்கிறது.

திறப்பு விழாவுக்கு முன் சபையின் செயலாளர் கடை கடையாக ஏறிப் பழைய பொருள் கேட்டார். வேலாயுதம் மடுல்சீமையில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். அவர் வீட்டில் பழைய பொருள் என்று சொல்ல ஒன்றுதான் இருந்தது. அவருடைய தாத்தா இந்தியாவிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவரப்பட்டபோது கழுத்தில் கட்டிவிட்ட தகரத் துண்டு. தோட்டத்தின் எண்ணைக் குத்திய அந்தத் தகரத்துக்கு 'டின் டிக்கட்' என்று பெயர். எந்த ஆளை எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது என்பதை வழியில் உள்ளவர்கள் அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். முகத்தைப் பார்க்கும் சிரமம் இல்லை. வேலாயுதத்தின் தாயார் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்த்து வந்தார். "நாம மட்டும் பாத்து என்ன ஆத்தா? ஊரே பாக்கட்டுமே" என்று கெஞ்சி, மகன் அதை வாங்கிவந்து செயலாளர் கையில் கொடுத்தார்.

மேடைக்கு நீலத் திரை தைத்தவரும் அவர்தான். அதைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கதவு வழியாகப் போய்க் கட்டிவிட்டு வந்தார். பின்கதவில் யாரும் டிக்கட் கேட்பதில்லை.

பிறகு தாயாருக்கு இந்தியப் பயணம் வந்தது. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசித் தோட்டத்து மக்களைப் பங்கு போட்டுக்கொண்டதில், தாயார் இந்தியாவின் பங்கில் விழுந்தார். மகன் எந்தப் பங்கிலும் விழவில்லை. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். போவதற்கு முன் தாயார் கேட்டது ஒன்றுதான்: மாமனாரின் தகரத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். அதற்காகவே மடுல்சீமையிலிருந்து பஸ் ஏறி வந்தார். தாயாரோடும் மகனோடும் நானும் கூடப் போனேன்.

வாசலில் பலகை தொங்கியது. உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு வேறு கட்டணம். இரண்டாவது, கழுத்தில் கெமரா தொங்கும் வெள்ளைக்காரரை நினைத்து வைத்தது. டிக்கட் கொடுக்கும் இளைஞர் என்னைப் பார்த்ததும் உள்நாட்டு டிக்கட்டைக் கிழித்து நீட்டினார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"பிரஜாவுரிமை இருக்கா?"

"மனு போட்டிருக்கேங்க."

"அம்மாவுக்கு?"

"இந்தியா பாஸ்போட்டு வந்திருச்சு. அடுத்த வாரம் பயணம்."

"அப்ப ரெண்டு பேருமே வெளிநாட்டவர்." வருகைப் புத்தகத்தைத் திறந்தார். "அம்மா இந்தியா. நீங்க எந்த நாடு?"

"மடுல்சீமை."

"நான் நாடு கேட்டேன்."

"பேருலயே சீமை இருக்கே தம்பி. எழுதிக்கங்க."

இளைஞர் பேனாவை மூடினார். "பகிடி பண்ணாதீங்க அண்ணன். டிக்கட் இல்லாம உள்ள விட்டா எனக்கு வேலை போயிரும்."

"டிக்கட் இல்லைன்னு யாரு சொன்னா? எங்க தாத்தா டிக்கட்டு உள்ள கண்ணாடிப் பொட்டியில இருக்கு. எடுத்துட்டு வாங்க, காட்டுறேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வெளிநாட்டுக் கட்டணத்தை நானே நீட்டினேன். வேலாயுதம் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "வேணாங்க. அதை வாங்கிட்டா நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

தாயார் மகனின் தோளைத் தொட்டார். "வா சாமி, போவோம். உங்க தாத்தா காலம் பூரா தொரை வாசல்ல வெளிய நின்னவரு. இன்னைக்கு அவரு உள்ள இருக்காரு, நாம வெளிய நிக்கிறோம். இருந்துட்டுப் போகட்டும்."

அடுத்த வாரம் அவர் பதுளை ஸ்டேஷனில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறினார். தகரத்தைப் பார்க்கவில்லை. சில வருடங்களில் நீலகிரிப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில் இறந்துபோனார். அவரை அங்கே என்னவென்று அழைத்தார்கள் தெரியுமா? சிலோன்காரி.

என் தாத்தாவும் அதே கடலைக் கடந்து வந்தவர்தான். அவர் தலையில் துணி மூட்டையோடு வந்தார், வேலாயுதத்தின் தாத்தா கழுத்தில் தகரத்தோடு வந்தார். சட்டம் மூட்டையை உள்நாட்டுச் சரக்கு என்று தீர்மானித்தது. இதில் எங்கள் குடும்பத்தின் தேசபக்தி எதுவும் சம்பந்தப்படவில்லை.

தாயார் போன பிறகு வேலாயுதம் செயலாளரை வீதியில் மறித்துத் தகரத்தைத் திருப்பிக் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். "கொடுத்தது கொடுத்ததுதான் வேலாயுதம். அது இப்ப தேசத்துச் சொத்து" என்றார் செயலாளர்.

"அப்படிங்களா? ரொம்ப சந்தோசமுங்க. தகரத்துக்குப் பிரஜாவுரிமை கெடைச்சிருச்சு. எனக்குத்தான் கொஞ்சம் லேட்டாகுது."

செயலாளர் மனம்விட்டுச் சிரித்தார். நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவர். நான் அவரை மன்னிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதற்குப் பிறகு வேலாயுதம் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கவில்லை. நாடக விழா வந்தால் திரைக்கும் வேஷ உடுப்புகளுக்கும் அவரைத்தான் தேடி வருவார்கள். தைக்க மாட்டேன் என்று அவர் சொன்னதில்லை. "நாடகம் என்ன பாவம் பண்ணிச்சு?" என்பார். மூட்டையை நூதனசாலை வாசலில் வைத்துவிட்டு, "வெளிநாட்டுச் சரக்கு வந்திருக்கு, எறக்கிக்கங்க" என்று குரல் கொடுப்பார். அவர் தைத்த உடுப்பில் ராஜாக்கள் உள்ளே நடந்தார்கள்; கைதட்டல் கேட்கும்வரை அவர் வெளியே பீடி குடித்துக்கொண்டு நிற்பார். அவருடைய மனு எந்த மேசையில் படுத்திருந்ததோ, அவர் சாகும் வரை எழுந்திருக்கவில்லை.

அஞ்சலிக் கூட்டத்துக்குப் போனேன். மாலை போட்ட படத்தை ஹமீது நானா மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். கூடவே வேலாயுதத்தின் மனைவி காமாட்சி. வாசலில் அன்று டிக்கட் கிழித்த அதே ஆள். இப்போது வழுக்கை விழுந்திருக்கிறது. எழுந்து நின்று கும்பிட்டார்.

"இவருக்கு எந்த டிக்கட்?" என்று படத்தைக் காட்டிக் கேட்டேன்.

"ஐயோ, அவருக்கு எதுக்குங்க டிக்கட்!" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

உள்ளே 'மண்ணின் மைந்தர்' என்று செயலாளர் பேசிக்கொண்டிருந்தபோது காமாட்சி கூட்டத்தை விட்டு எழுந்து காட்சிக்கூடத்துக்குப் போனார். பின்னால் போனேன். பியானோவுக்கு அப்பால் கண்ணாடிக்குள் அது கிடந்தது. 'கூலியாளின் அடையாளத் தகடு. தோட்டத்து அன்பர் ஒருவரின் நன்கொடை' என்று அட்டை சொன்னது. கொடுத்தவருக்கும் பெயர் இல்லை.

"இதுதானா?" என்றார் காமாட்சி. வெகுநேரம் பார்த்தார். "கறுத்துப் போச்சே. இவங்களுக்கு ஒரு புளி கெடைக்கலையா?"

சபையாருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அவர் படத்தை உங்கள் மேடையில் மாட்ட வேண்டாம். அந்தத் தகரத்தைக் காமாட்சியிடம் கொடுங்கள். தேசத்துக்கு வேறு சொத்துகள் இருக்கின்றன. துரையின் நாய்ப் படம் இருக்கிறது.

வேலாயுதத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பதில். என் மேசையில் பிரஜாவுரிமைச் சான்றிதழ் இருக்கிறது, அரசாங்க முத்திரையோடு. ஆனாலும் அன்று திரும்பும்போது வாசலில் வருகைப் புத்தகம் விரிந்து கிடந்தது. வேலாயுதத்தின் பெயரை எழுதினேன். பக்கத்தில் நாடு என்ற இடத்தில் மடுல்சீமை என்று எழுதினேன். அதன் கீழே என் பெயரை எழுதி, அதற்கும் அதையே எழுதினேன். டிக்கட் கொடுப்பவர் எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை தன் பேனாவைத் திறந்து இரண்டு வரிகளுக்கும் எதிரே தேதி போட்டார்.