வாவிப் புத்தகத்தைப் பூட்டியவர்

சேர், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் பதினொரு புத்தகங்களையும் ஒரு வெளிநாட்டுக் கம்பனியிடம் தூக்கிக் கொடுத்தது நீங்கள்தான். வேறு யாரும் இல்லை. உங்களுக்கு இரண்டு தடவை எழுதினேன். பதில் இல்லை. ஆகவே நடந்ததை எல்லாரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

நான் பட்டம் வாங்கியவள் இல்லை. மட்டக்களப்பு நகரில் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வேடுகளை அடித்து, கட்டிக் கொடுப்பது தொழில். எங்கள் குளங்களைப் பற்றி, நெல்லைப் பற்றி, கடலோடு சேருகிற வாவியைப் பற்றி எவ்வளவோ எழுதினார்கள். மூன்று பிரதி எடுத்துக்கொண்டு போவார்கள். அவை அலுமாரிக்குள் போகும். எந்த ஊரைப் பற்றி எழுதினார்களோ அந்த ஊர்க்காரர் ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை.

இதைச் சொல்லி ஒருநாள் உங்களிடம் கத்தினேன். புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றிருந்தீர்கள். “நாங்களே பதிப்பிப்பம், இணையத்தில போடுவம், ஆரும் சும்மா படிக்கட்டும்” என்றீர்கள். அது உங்கள் யோசனை. அதை மறைக்க மாட்டேன். ஓட்டமாவடியில் கணினி திருத்துகிற அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், தன் கடையின் பின்னறையில் சர்வரை வைத்தார். நான் பக்கம் அமைத்தேன். எழுதியவர்கள் ஒருவர் புத்தகத்தை மற்றவர் வாசித்துத் திருத்தினார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு கொக்கட்டிச்சோலையில் எங்கள் வாசிகசாலையில் கூடுவோம். எது போவது, எதைத் திரும்ப எழுத வேண்டும் என்று சண்டை பிடித்து முடிவெடுப்போம். முதலாளி என்று ஒருவர் இல்லை. “யாரும் படிக்கலாம், யாரும் படியெடுக்கலாம்” என்று ஒவ்வொரு புத்தகத்தின் இரண்டாம் பக்கத்திலும் அடித்தது என் கை.

இணைய முகவரியை யார் பெயரில் பதிவது என்று கேள்வி வந்தபோது நான்தான் வாயைத் திறந்தேன். எங்கள் வட்டையில், நாங்கள் வயல் செய்கிற வெளியில், வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற துருசின் சாவி, தண்ணீரைப் பங்கிடுகிற விதானையிடம் இருக்கும். போகம் தொடங்கும்போது கூட்டத்தின் முன்னால் அவர் கையில் கொடுப்போம். திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. அதைப் போல ஒருவரிடம் கொடுப்போம் என்றேன். எல்லாரும் கை தூக்கினார்கள். முகவரியும் கடவுச்சொற்களும் உங்களுக்கு வந்தன.

போகம் முடிந்ததும் விதானை அதே கூட்டத்தில் சாவியை மேசையில் வைத்துவிட்டுத்தான் எழும்புவார். அதை நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை, அது நடக்கும். ஆனால் புத்தகத்துக்கு ஏது போகம்? ஐந்து வருடம் சாவி ஒரே கையில் இருந்தது. கொடுக்கிற முறையை வட்டையிலிருந்து எடுத்தோம், திருப்பி வாங்குகிற முறையை விட்டுவிட்டோம். அந்தப் பிழை என்னுடையது.

ஏழாவது புத்தகம் வாவிப் புத்தகம். நீங்கள் எழுதியது. எந்த மாதம் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்ற தங்கள் முறையைப் பனிச்சங்கேணி வாவிக்கரை மீனவர்கள் உங்களுக்குச் சொன்னார்கள். படம் கீறித் தந்தார்கள். ஒலிப்பதிவைக் கேட்டு அடித்தவள் நான். அவர்கள் கேட்டது ஒன்றுதான். இது எங்களுக்கும் பார்க்கக் கிடைக்குமா? கிடைக்கும் என்று தோணியடியில் நின்று இரண்டு பேரும் வாக்குக் கொடுத்தோம்.

இந்த வருடம் அந்தக் கரையில் ஒரு துண்டை இறால் பண்ணைக்கு வேலியடைக்க ஒருவர் விண்ணப்பித்தார். அரச அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். அது வலை போடுகிற இடம் என்று காட்ட மீனவர்களிடம் இருந்த ஒரே எழுத்து அந்தப் புத்தகம். அவர்களின் சங்கத் தலைவரை நான் மாமா என்பேன். அவர் கடைக்கு வந்தார். படமுள்ள பக்கங்களை அச்சடித்துக்கொண்டு நானும் கூடப் போனேன்.

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். அடியிலிருந்த முகவரியைத் தன் கணினியில் அடித்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். புத்தகத்தின் அட்டை தெரிந்தது. மேலே ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் பெயர். கீழே, உங்கள் பல்கலைக்கழகக் கணக்கால் உள்நுழையுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி.

“என்ன கேக்குது?” என்றார் மாமா.

“எந்தக் கெம்பஸ் எண்டு கேக்குது மாமா.”

“எட்டாம் வகுப்போட தோணி ஏறினவன் எண்டு அடிச்சு விடு புள்ள. உள்ள விடுதா பாப்பம்.”

விண்ணப்பக்காரர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. “ஆரும் படிக்கலாம் எண்டு போட்டிருக்கிறீங்க. எனக்கே திறக்குதில்ல. இந்தத் தாளை நேற்று அடிச்சீங்களோ, ஆருக்குத் தெரியும்?” என்றார். மூன்று வாரம் தவணை தந்தார். அதற்குள் அந்த முகவரி திறக்காவிட்டால் இந்தப் பக்கங்களை ஏற்க மாட்டாராம்.

வெளியே நின்று நானாவுக்கு அழைத்தேன்.

“புத்தகம் என்னட்ட இருக்கு தங்கச்சி. நாளைக்கே வேற இடத்தில ஏத்துவன். ஆனா பழைய முகவரி சேர்ட கையில, அவர்தான் அதைக் கம்பனிக்குத் திருப்பியிருக்காரு. புதுசா ஏத்தினா இதுவும் நேற்றுச் செஞ்சதெண்டுதான் அந்தாள் சொல்லுவாரு.”

அன்று மத்தியானமே உங்கள் வீட்டுக்கு வந்தேன். தேத்தண்ணி தந்தீர்கள். ஒப்பந்தம் செய்ததை மறுக்கவில்லை.

“நானாட கடைக்குள்ள வெள்ளம் வந்து ஒரு கிழமை ஒண்டும் வேலை செய்யல்ல, மறந்திட்டியா பிள்ள? நாங்க மூண்டு பேரும் செத்தா ஆர் பாக்கிற? அவங்க பெரிய ஆக்கள். உலகம் முழுக்கத் தெரியும்.”

“பனிச்சங்கேணிக்குத் தெரியாதே, சேர்.”

“அது கொஞ்ச நாளைக்குத்தான். கதைச்சுத் திறக்கலாம்.”

“எப்ப?”

எனக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினீர்கள்.

“கூட்டத்தில ஏன் சொல்லல்ல?”

“சொன்னா நீங்க விட மாட்டீங்க.”

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வெள்ளம் வந்தது உண்மை. சர்வர் நனையாமல் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம். நீங்கள் பயந்ததில் பிழையில்லை. ஏறாவூரில் ஒரு பிரதி, கொக்கட்டிச்சோலையில் ஒரு பிரதி வைத்திருக்கலாம். எங்களைப் போலப் புத்தகம் போடுகிற வேறு ஊர்க் குழுக்களிடம், எங்களுடையதை நீங்கள் வையுங்கள், உங்களுடையதை நாங்கள் வைக்கிறோம் என்று கேட்டிருக்கலாம். ஒருவேளை உங்கள் கம்பனிதான் சரி என்றே கூட்டம் முடிவெடுத்திருக்கலாம். நாங்கள் மறுப்போம் என்று தெரிந்துகொண்டே கையெழுத்து வைத்தீர்கள். எங்களைக் காப்பாற்ற எங்களிடமிருந்தே ஒளித்தீர்களா?

அடுத்த ஞாயிறு அவசரமாகக் கூட்டம் வைத்தோம். சுகமில்லை என்று செய்தி அனுப்பினீர்கள். அன்று பின்னேரம் உங்களைச் சந்தையில் கண்டதாக நானா சொன்னார். மாமா என் கடை வாசலில் நின்று சத்தம் போட்டார்: “வலை போடுற இடத்தக் காட்ட மூண்டு நாள் என்ட தோணியில ஏத்தித் திரிஞ்சன். ஒரு நாள் வாசிகசாலைக்கு வந்து இருக்க அவருக்கு ஏலாதாமா?” நான் கொடுத்த வாக்கும் அந்தப் பூட்டுக்குள்தான் கிடக்கிறது.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். விசாரணைக்கு முன் இருப்பது அது ஒன்றுதான். பனிச்சங்கேணியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஒப்பந்தத்தைக் கொண்டு வாருங்கள். எங்களுக்கு விளங்குகிற தமிழில் வாசியுங்கள். தொலைபேசியில் எனக்குத் தனியாக ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்த மீனவர்களின் முகத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள்: யாரைக் கேட்டுக் கையெழுத்து வைத்தீர்கள்? விசாரணைக்கு முன் அந்தப் பக்கம் திறக்குமா, திறக்காதா?