காட்டுக்குப் போக மறுத்த ராசு அம்பலம்

காலைப் பயிற்சியில் விசிலை வாயில் வைத்திருந்தபோது போன் வந்தது. "டீச்சர், பெரியப்பா போயிட்டாங்க." ராசு அம்பலத்தின் தம்பி மகள்தான் பேசினாள். பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

பொன்னமராவதிப் பக்கத்துக்காரர்களுக்கு அவரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பங்குனித் திருவிழா முடிந்ததும் ஊரே கம்பும் நாயுமாகக் காட்டுக்குள் இறங்கி முயல் அடிக்கும். ஊர்த் தலைவரான அம்பலம் என்ற முறையில் அந்த வேட்டைக்கு முதல் கம்பு எடுப்பவர் அவர். நான் அதே ஊர்ப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை.

ஒருநாள் பள்ளிக்கு வந்தவரிடம் போனில் ஒரு காட்சியைக் காட்டினேன். ஆப்பிரிக்காவின் மாசாய் இளைஞர்கள். சிங்கத்தைக் கொன்று வீரம் காட்டிய கூட்டம், இப்போது அதற்குப் பதிலாக ஓடியும் ஈட்டி எறிந்தும் உயரக் குதித்தும் போட்டியிடுகிறது. மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். "சிங்கத்தையே விட்டுட்டாங்க. நாம முயலப் போயி வெரட்டிக்கிட்டு இருக்கோம், வெக்கமா இல்ல?" என்றார். அந்தப் பங்குனியில், "என் உசிரு இருக்குமட்டும் கம்பு எடுக்கமாட்டேன்" என்று கோயில் வாசலில் சொல்லிவிட்டார். முதல் கம்பு எழாமல் மற்றக் கம்புகள் எழக்கூடாது என்பது ஊர் வழக்கம்.

வேட்டைக்குப் பதிலாகக் கண்மாய்ப் பொட்டலில் ஓட்டமும் கம்பு எறிதலும் வைத்தோம். ஜெயிப்பவருக்குக் கோப்பை வாங்கி வைத்திருந்தேன். அதைத் தூக்கிப் பார்த்தார். "வேட்டையில அடிச்சவன் மட்டுமா திம்பான்? வீட்டுக்கு ஒரு பங்கு போகும், டீச்சர். இத எப்படிப் பங்கு வக்கிறது?" சொந்தக் கிடாயை அறுத்து, ஓடாதவர் வீட்டுக்கும் பங்கு அனுப்பினார். அதன்பிறகுதான் ஊர் மனதாரப் பொட்டலுக்கு வந்தது.

மழை பொய்த்த வருடம் பழி அவர் தலையில் விழுந்தது. வேட்டை நின்றதில் சாமிக்குக் கோபமாம். கூடப்பிறந்த தம்பியே பேச்சை நிறுத்தினார். காய்ந்துபோன கடலைக் கொல்லைகளில் அவருடையதும் ஒன்று என்பது யாருக்கும் நினைவில்லை. "முயக்கறி வேணும்னா சாமி என்கிட்டச் சொல்லியிருக்கும்ல?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

அடக்கம் முடிந்து மண்கூடக் காயவில்லை. "அம்பலம் வாக்கு அவரோட போச்சு. இந்தப் பங்குனிக்குக் காட்டுக்குப் போவோம்" என்றார் ஒருவர். பலர் தலையாட்டினார்கள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. அப்போது, கடைசிவரை அண்ணனோடு பேசாமலே இருந்துவிட்ட அந்தத் தம்பி, வீங்கிய முகத்தோடு எழுந்தார். "இனி மொதக் கம்பு எனக்கு. எனக்குத் தீட்டு. வருசம் திரும்புற மட்டும் தொடமாட்டேன்."

தீட்டுக்கு எதிராக இந்த ஊரில் யார் பேசுவார்?

அம்பலத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு வருடம்தான். வருடம் திரும்பிய பிறகும் கம்பு எடுக்க வேண்டாமென்று அதற்குள் தம்பியிடம் பேசியாக வேண்டும். எப்படிப் பேசினால் அவர் கேட்பார் என்று தெரியவில்லை. அம்பலம் இருந்தால் அவரிடம்தான் கேட்டிருப்பேன்.